ஜப்தி செய்த நாற்றுத்தட்டு

பெரியவளை அக்கா என்று கூப்பிடுவதைச் சின்னவள் நிறுத்தி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். பெரியவளுக்குத் தரைத்தளத்தில் லாண்டரி, சின்னவளுக்கு மொட்டைமாடியில் நாற்றுக்கூடம். நடுவில் அறுபத்திரண்டு படி. அந்த அறுபத்திரண்டும் போதவில்லை என்பதுதான் வீட்டில் எல்லோருடைய வருத்தமும்.

சண்டை எதற்கு வந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒருநாள் துணி கொடுக்க வந்த நாலு பேர், மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "அங்க ஒருத்தி மண்ணு நோண்டிக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டாள். படியில் இறங்கி வந்துகொண்டிருந்த சின்னவள் காதில் அது விழுந்துவிட்டது. அப்படியே திரும்பி மேலே ஏறிப் போனாள். இனிமேல் அந்த வாய்க்கு நான் அக்கா சொன்னால் என் பெயரை மாற்றி வை என்று புருஷனிடம் சபதம் செய்தாள். அந்த மனுஷன் சரி சரி என்றார். அவர் எதற்கும் சரி சரி என்பவர்.

அன்றிலிருந்து பேச வேண்டியதை நேராகப் பேசுவது கிடையாது. "தண்ணி வரலைன்னு சொல்லுங்க" என்று சின்னவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பெரியவளும் சளைத்தவள் இல்லை. "வரும்போது வரும்னு சொல்லுங்க" என்று மடித்து வைத்த துணியைப் பார்த்துச் சொல்வாள்.

இப்படி இருந்த வீட்டில் மொட்டைமாடிக்கே ஆபத்து வந்தது. லாண்டரியில் வேலை கூடிவிட்டது. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு என்று மலைபோல வந்து குவிய, காயப்போட இடமில்லை. பெரியவளின் கண் மாடியில் விழுந்தது. கொடி கட்ட நாலு இரும்புக் கம்பமும், ஒரு பெரிய சுருள் நைலான் கயிறும் வாங்கி வந்து, மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்திலேயே சாத்தி வைத்தாள். கேட்காமல் வாங்கி வைத்தாள். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கயிற்றைத் தாண்டித்தான் சின்னவள் போகவேண்டும். 

விவகாரம் மாமனாரிடம் போனது. வீடு அவருடையது. அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு இரண்டு மருமகள்களையும் பார்த்தால் பயம்.

"அந்தப் பண்ணைக்காரர் உன் நாத்தைப் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காரில்ல" என்று சின்னவளைக் கேட்டார்.

"ஆமா மாமா. நாப்பது தட்டு குடைமிளகாய். நல்லா வந்தா வருஷம் பூரா என்கிட்டயே எடுத்துக்கறேன்னிருக்கார்."

"அவர் வந்து எடுத்தார்னா மாடி உனக்கு. எடுக்கலைன்னா மறுநாளே கம்பத்தை நட்டுக்கட்டும். இதுக்கு மேல என்கிட்ட யாரும் வரக்கூடாது."

பெரியவள் சரி என்று எழுந்துபோனாள். சின்னவளும் சரி என்றாள். ஆனால் சின்னவளுக்குள் ஒரு முள் இருந்தது. பண்ணைக்காரர் போனமுறை வந்தபோது இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி? பாக்கறவன் பூஞ்சைம்பான்" என்று சொல்லியிருந்தார். பூஞ்சை இல்லை. போர் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு. தெளித்துக் காய்ந்ததும் இலையில் வெள்ளையாகப் படியும், சொட்டுக் குழாயின் வாயை அடைக்கும், வாளியின் அடியில் ஓடு கட்டும். வீட்டில் எல்லோருக்கும் தலைமுடி தேங்காய்நார் மாதிரி ஆனதும் அந்தத் தண்ணீரால்தான்.

அந்தத் தண்ணீருக்குப் பெரியவள் ஒரு வழி செய்திருந்தாள். சோப்பு நுரைக்காமல் துணியெல்லாம் பழுப்பேறிப் போகிறது என்று, ஆள் உயரத்துக்கு நீலமாக ஒரு மெஷின் வாங்கி லாண்டரியின் பின்னறையில் பொருத்தியிருந்தாள். போர் தண்ணீர் அதற்குள் போய் வந்தால் பட்டுப்போல வரும். கால் கரண்டி சோப்புத்தூளுக்கு வாளி நிறைய நுரை. வீடு முழுவதற்கும் அந்தத் தண்ணீரையே திருப்பிவிட்டார்கள். நாற்றுக்கூடத்துக்கு மட்டும் பழைய குழாயில் பழைய தண்ணீர்.

இதைச் சின்னவள் பொறுப்பாளா? தன் செடிக்கு மட்டும் மட்டத் தண்ணீரா? சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"துணிக்கு நல்ல தண்ணி, உசுருள்ள செடிக்கு மட்டத் தண்ணியா? இது எந்த ஊரு நியாயம்னு கேட்டுச் சொல்லுங்க."

பெரியவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. "மெஷின் தண்ணி செடிக்கு ஆகாதாம். மெஷின் மாட்ட வந்தவரு சொன்னாரு. துணிக்குத்தான் அது. சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

"என் செடிக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு இஸ்திரிப் பெட்டி சொல்லித் தர வேண்டாம்னு சொல்லுங்க."

யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மாமனார் மட்டும் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். பெரியவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். இந்தக் கஞ்சத்தனத்தை நான் பார்க்காததா என்று சின்னவள் மனசுக்குள் நொடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அந்த வாயிலிருந்து தன் நன்மைக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்றைக்கு மட்டும் அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டதா?

மறுநாளே குழாய்க்காரரைக் கூப்பிட்டாள். தெருவில் அவருக்கு ஒழுக்கு என்று பெயர். அவர் கைபட்ட குழாய் எதுவும் ஒழுகாமல் இருந்ததில்லை. மெஷின் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து நாற்றுக்கூடத்துக்கு விடச் சொன்னாள். அதோடு நின்றாளா? பழைய போர் தண்ணீர்க் குழாயை லாண்டரிச் சுவருக்குள்ளேயே அறுத்து, மூடி போட்டு, சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னாள்.

ஒழுக்கு தலையைச் சொறிந்தார். "எதுக்கும்மா அறுக்கணும்? ஒரு வால்வு வச்சிட்டா வேணும்போது திருப்பிக்கலாம்."

"அதான் வேண்டாங்கறேன். நான் அந்தப் பக்கம் போனதும் திருப்பி விட்டுடுவாங்க. திருப்பவே முடியாத மாதிரி அடைச்சிடுங்க."

ஒழுக்கு அடைத்தார். அந்தப் பூச்சின்மேல் பெரியவள் வெள்ளை டைல்ஸ் ஒட்டிக்கொண்டாள். சிமென்ட் காய்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தவளும் அவள்தான். இனிமேல் அந்த வீட்டில் போர் தண்ணீர் வருவது ஒரே ஒரு இடத்தில்தான், மெஷினுக்கு முன்னால், லாண்டரியின் பின்முற்றத்தில் இருக்கும் பித்தளைக் குழாயில்.

முதல் வாரம் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது தட்டு, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. குழிக்குள் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு விதை. முளைத்து, இரண்டாவது ஜோடி இலை விட்டிருந்த சமயம். இலையில் ஒரு புள்ளி கிடையாது, துடைத்து வைத்தது மாதிரி பளபளத்தது. சொட்டுக் குழாய் அடைக்கவே இல்லை. ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்து, கீழே கேட்கும்படியாகச் சத்தமாகப் புருஷனிடம் சொன்னாள்.

"கண்ணாடி மாதிரி இருக்குங்க. இதைத்தான் ஆகாதுன்னாங்க."

அந்த வாரத்தில்தான் ஒரு தட்டு விழுந்தது. வெயில் படட்டும் என்று கைப்பிடிச் சுவர்மேல் வைத்திருந்தாள், ஒரு காற்று வந்தது, தட்டு நேராகப் பின்முற்றத்தில் போய் விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரி விரிப்பு பத்து, வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. நாற்றும் நார்க்கழிவுமாக எல்லாம் அதன்மேல்.

பெரியவள் முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். "பத்து விரிப்பையும் திரும்பத் துவைக்கணும்னு சொல்லுங்க."

"காத்து அடிச்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்னு சொல்லுங்க. தட்டை மேல அனுப்பச் சொல்லுங்க."

"தட்டு வராது. என் விரிப்பைக் கெடுத்த தட்டு. ஜப்தி."

ஜப்தியாம். கோர்ட்டில் நீதிபதி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சிதறிய நாற்றையெல்லாம் திரும்பக் குழியில் குத்திவைத்து, தட்டைத் தூக்கி விரிப்புகளின் மறைவில் எங்கோ வைத்தாள். ஒரு தட்டுதானே, நாசமாய்ப் போகட்டும் என்று சின்னவள் விட்டுவிட்டாள். மிச்சம் முப்பத்தொன்பது இருந்தது.

இரண்டாம் வாரம் முடிகிறபோது ஓர இலைகளின் நுனி பழுப்பாயிற்று. வெயிலாக இருக்கும் என்று நிழல்வலையை இன்னொரு மடிப்புப் போட்டாள். பழுப்பு நுனியிலிருந்து ஓரத்துக்கு வந்தது, தீயில் காட்டி எடுத்த காகிதம் மாதிரி. தண்ணீர் போதவில்லையோ என்று காலையில் ஊற்றியதைக் காலையிலும் மாலையிலும் ஊற்றினாள். வேர் நனைந்தே இருந்தது, செடி மட்டும் தாகத்தில் கிடப்பதுபோலத் தலை தொங்கியது. புதிதாக வந்த இலைகள் விரியாமல் சுருண்டுகொண்டன. உரம் வைத்தாள், மோசமானது. உரத்தை நிறுத்தினாள், அப்போதும் மோசமானது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஏறும்போது இன்றைக்காவது நிமிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறுவாள். நாற்றுக்கூடத்துக் கதவைத் திறந்தால் முந்தின நாளைவிட இன்னும் கொஞ்சம் தொங்கியிருக்கும்.

பண்ணைக்காரர் வர மூன்று நாள் இருந்தது.

அன்றைக்குத் தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைப் பார்த்தாள். பழைய சுண்ணாம்பு வராதே, தண்ணீர்தான் மாறிவிட்டதே என்று யோசித்தாள். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. இன்னொரு தட்டைச் சுரண்டினாள், அதுவும் கரித்தது. வாசல் பக்கம், நடு, மூலை, எங்கே சுரண்டினாலும் உப்பு.

சின்னவளுக்கு ரத்தம் கொதித்தது. செடிக்கு யார் உப்பைப் போடுவார்கள்? மாடி யாருக்கு வேண்டும்? படியில் கயிற்றை வாங்கிச் சாத்தி வைத்தது யார்? கண்கொத்திப் பாம்பாக இருந்தும் கோட்டை விட்டுவிட்டோமே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

பெரியவள் துணி கொண்டுபோய்க் கொடுக்க வெளியே போகிற நேரம் பார்த்து லாண்டரிக்குள் போனாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் கால் வைக்கிறாள். சலவை மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஈரத்துணியின் வெந்த வாசனை. பின்னறையின் கதவைத் தள்ளினாள். ஆள் உயர நீல மெஷின். அதன் பக்கத்தில், சுவரோரமாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாக்கு மூட்டைகள். மேல் மூட்டை வாய் அவிழ்ந்திருந்தது. கையை விட்டாள்.

உப்பு.

எண்ணினாள், பதினாலு மூட்டை. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சமைத்தாலும் தீராது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஒருவிதமான சந்தோஷமும் வந்தது. கையும் களவுமாகச் சிக்கிவிட்டாள் அல்லவா? மாடிப்படியில் நின்று வீட்டையே கூட்டினாள். மாமனார் வந்தார், அவள் புருஷன் வந்தார், பெரியவளின் புருஷனும் வந்தார். பக்கத்து வீட்டில் குழாய் பார்த்துக்கொண்டிருந்த ஒழுக்கும் சத்தம் கேட்டுக் கையில் ஸ்பானரோடு வந்துவிட்டார்.

"பாருங்க மாமா. நல்லா பாருங்க. என் செடியைக் கொல்றதுக்கு மூட்டை மூட்டையா வாங்கி அடுக்கியிருக்காங்க. நாக்குல வச்சுப் பாத்தேன், ஒவ்வொரு தட்டுலயும் உப்பு. மாடி வேணும்னா கேட்டு வாங்கட்டும். வாயில்லாத செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

மாமனார் மூட்டைகளைப் பார்த்தார். பெரியவளின் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. "இவ்வளவு உப்பு எதுக்குன்னு எனக்கே தெரியாதே" என்று முணுமுணுத்தார். சொந்தப் புருஷனுக்கே தெரியாதாம், வேறு சாட்சி வேண்டுமா?

அப்போது பெரியவள் வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், வாய் அவிழ்ந்த மூட்டையைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். மேல் மூட்டையை இடுப்பில் ஏற்றி, நீல மெஷினின் மூடியைத் திறந்து, உப்பை அப்படியே உள்ளே கொட்டினாள். சளசளவென்று இறங்கியது. மூடியை மூடிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"இதுதான் இந்த மெஷினுக்குச் சாப்பாடு மாமா. வாரத்துக்கு ஒரு மூட்டை திங்கும். இது திங்காட்டி அந்தத் தண்ணி வராது."

ஒழுக்குதான் தொண்டையைக் கனைத்தார். "ஆமாங்க. உள்ள மணி மணியா இருக்கும். அது தண்ணியில இருக்கற சுண்ணாம்பைப் புடிச்சு வச்சுக்கிட்டு, பதிலுக்கு உப்போட சத்தை விட்டுடும். துணிக்கு நல்லது. செடியோட வேருல அது சேந்துக்கிட்டே போனா, பக்கத்துல தண்ணி இருந்தும் செடியால குடிக்க முடியாது. சுண்ணாம்புச் சத்தும் கெடைக்காம குருத்து சுருண்டுடும்."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். "இது தெரிஞ்சும் ஏங்க எனக்கு அந்தக் குழாயைப் போட்டீங்க?"

"நீங்க குழாய்தானம்மா போடச் சொன்னீங்க. மெஷினைப் பத்தி என்னைக் கேக்கலையே."

அப்போது பெரியவள் சின்னவளை நேராகப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல்தடவையாகச் சுவரிடமோ துணியிடமோ சொல்லாமல் அவளிடமே சொன்னாள்.

"நான் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீ என்னை இஸ்திரிப் பெட்டின்ன. ரெண்டாந்தடவை சொல்றதுக்கு நான் என்ன உன்னைப் பெத்தவளா?"

"செடி கருகறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்கல்ல."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு மாடி வேணும். அதையும் நான் மறைக்கல."

அவ்வளவுதான். பெரியவள் பின்முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டு விரிப்புகளை மடிக்கப் போய்விட்டாள். திறந்த கதவு வழியாகத்தான் சின்னவள் அதைப் பார்த்தாள். பித்தளைக் குழாயின் அடியில், சோப்புத்தூள் டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தது ஜப்தி செய்த தட்டு. குழிக்கு ஒரு நாற்று, ஒரு சாண் உயரம், பென்சில் தடிமன் தண்டு, கரும்பச்சை இலை. இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி.

அவள் கால் தானாக அங்கே போயிற்று. குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். 

"தொடாதே" என்று பெரியவள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அது இன்னும் ஜப்தியிலதான் இருக்கு. தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். செத்துப்போச்சுன்னா நான்தான் கொன்னேன்னு நீ ஊரைக் கூட்டுவேன்னு தெரியும். இன்னிக்குக் கூட்டிட்டல்ல."

சின்னவளுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அந்தப் பூமியும் டைல்ஸ் போட்டதாக இருந்தது.

ஒழுக்கைத் தனியாக ஓரம்கட்டி, பழைய குழாயைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். ஒழுக்கு லாண்டரிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டைல்ஸை உடைச்சு, சுவரை உடைச்சுத்தாம்மா எடுக்கணும். என் ஆயுசுல ஒழுகாத ஒரே வேலை இதுதான், நீங்க அப்படி அடைக்கச் சொன்னீங்க." உள்ளேயிருந்து பெரியவளின் குரல் வந்தது. "என் சுவத்துல உளி படாது." மாமனாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடியைக் கழற்றினால் அவர் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று நாளில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கருகிய இலைகளைக் கிள்ளி எடுத்தாள், தட்டுகளை இடம் மாற்றி அடுக்கினாள், தேறாததைப் பின்வரிசைக்குத் தள்ளினாள். பின்முற்றத்துக் குழாயில் தண்ணீர் கேட்டு இறங்க மட்டும் மனசு வரவில்லை. கேட்பதைவிடச் செத்துப்போகட்டும் என்றிருந்தாள். செடிகளும் சொன்ன சொல் கேட்டன.

பண்ணைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மாமனாரும் அவருடைய இரண்டு மகன்களும் பின்னாலேயே ஏறினார்கள். பண்ணைக்காரர் ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவி வேரைப் பார்த்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பாக, கட்டையாக இருந்தது. இரண்டாவது தட்டில் உருவினார். மூன்றாவதைத் தொடவே இல்லை.

"போன தடவை புள்ளி இருந்துச்சு, செடி இருந்துச்சு. இப்ப புள்ளி இல்ல, செடியும் இல்ல. என்னம்மா பண்ணுன?"

அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார். கீழே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அது யாரோட நாத்து?"

கீழே பெரியவள் விரிப்பு உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்னுது என்று பெரியவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாடியும் போய்விடும், பண்ணைக்காரரும் போய்விடுவார். அந்த இடத்தில் தான் இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நாத்து அவளோடது" என்றாள் பெரியவள். "தண்ணி என்னோடது."

பண்ணைக்காரர் கீழே இறங்கிப் போய், அந்தத் தட்டிலிருந்து ஒரு நாற்றை உருவினார். குழியின் வடிவத்திலேயே வேர் வெள்ளைவெளேரென்று பின்னிக்கொண்டு வந்தது. இலையைக் கட்டைவிரலால் துடைத்தார், புள்ளி போய்விட்டது. "அட, இது வெறும் தண்ணிக்கறை. இதைப்போய்ப் பெரிசா சொன்னேனா நான்? இந்தத் தண்ணியில நாப்பது தட்டு போட்டுத் தாம்மா. நாப்பது நாள் கழிச்சு வர்றேன். இப்படி இருந்தா அத்தனையும் எடுத்துக்கறேன்."

அவர் போனதும் பெரியவள் மாமனார் முன்னால் வந்து நின்றாள். "அவர் எடுக்கல மாமா. எடுக்கலைன்னா மறுநாளே கம்பம்னு சொன்னீங்க."

"எடுக்கறேன்னு சொல்லியிருக்காரேம்மா."

"சொல்றது வேற, எடுக்கறது வேற."

மாமனார் எங்கே கண்ணாடியைக் கழற்றிவிடுவாரோ என்று சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கழற்றவில்லை. "நாப்பது நாள். அதுவரைக்கும் கம்பம் படியிலயே இருக்கட்டும். நீ அவளுக்குத் தண்ணி மட்டும் குடு."

"குடுக்கறேன்" என்றாள் பெரியவள். "வந்து, வாயைத் திறந்து கேட்டா குடுக்கறேன். சுவத்தைப் பாத்துக் கேட்டா கெடைக்காது."

மறுநாள் காலை செத்த நாற்றையெல்லாம் கொட்டினாள் சின்னவள். தட்டுகளைக் கழுவிக் காயவைத்தாள். புது நார்க்கழிவு நிரப்பினாள். ஒவ்வொரு குழியாக விதை போட்டு முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. காய்ந்த நார்க்கழிவுக்குள் விதை கிடந்தது. இனிமேல் ஈரம் வேண்டும். இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டு படியும் இறங்கினாள்.

பின்முற்றத்தில் பித்தளைக் குழாய் இருந்தது, திருகுகிற பிடியைக் காணோம். பெரியவள் அதைக் கழற்றித் தன் இடுப்பில் செருகியிருந்தாள். மேஜையில் ஒரு சட்டையின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவை மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. சட்டைமேல் பெட்டி போய்வருகிற சத்தம்தான் கேட்டது.

சின்னவள் வாளிகளைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் போதும் என்று நினைத்தாள். பெரியவள் காலரைத் திருப்பிப் போட்டாள். பிறகு கை. பிறகு இன்னொரு கை. முதுகு, பொத்தான் பட்டி. சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். மேலே முப்பத்தொன்பது தட்டில் விதை காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா."

பெட்டி நிற்கவில்லை. "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

ஒரு மெஷினும் ஓடவில்லை. சின்னவள் ஓடாத மெஷின்களைப் பார்த்தாள். வாளியை எடுத்து வீசிவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. 

"அக்கா, தண்ணி வேணும்."

பெரியவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பிலிருந்து பிடியை எடுத்தாள். கையில் கொடுக்கவில்லை, மேஜையின் ஓரத்தில் வைத்தாள். சின்னவள் அதை எடுத்துப் போய் மாட்டித் திருகினாள். போர் தண்ணீர் குபுகுபுவென்று வாளியில் விழுந்தது. இரண்டு வாளியும் நிறைந்ததும் பிடியைக் கழற்றிக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"சாயங்காலமும் கேக்கணும்" என்றாள் பெரியவள், பெட்டியை எடுத்துக்கொண்டே.

சின்னவள் வாளிகளைத் தூக்கினாள். மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் நாலு கம்பமும் கயிற்றுச் சுருளும் அப்படியே இருந்தன. அதைத் தாண்டுவதற்குக் காலை உயர்த்தினாள். ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள்.